கடலை எண்ணெய்க் கதையும் ருடால்ஃப் டீசலின் வாழ்வும்

புது தில்லி, ஆக. 10: உலக உயிரி எரிபொருள் தினம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஆம் தேதி கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2015 முதல் இந்நாளைக் கொண்டாடி வருகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல், 1893-ஆம் ஆண்டு இதே நாளில் தமது எந்திரத்தைக் கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டினார் என்பதே தேதியைத் தேர்ந்ததற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். ஆனால் அன்று நடந்தது வேறு. அவரது எந்திரத்துக்குள் கடலை எண்ணெய் நுழைந்தது ஏழு ஆண்டுகள் கழித்து. அதுவும் அவர் கையால் அன்று.

டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் பவேரியாவிலிருந்து குடியேறியவர்கள். தந்தை தியோடர் தோல் பொருள்கள் செய்யும் கைவினைஞர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்பதால் அக்குடும்பம் பாரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. லண்டனில் வறுமை சூழவே, 12 வயதுச் சிறுவனான ருடால்ஃப் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கணித ஆசிரியரான பார்னிக்கல் என்பவரின் ஆதரவில் வளர்ந்தார்.

பின்னர் உதவித்தொகை பெற்று மியூனிக் பாலிடெக்னிக்கில் பயின்றார். டைஃபாய்டு காய்ச்சலால் 1879-இல் இறுதித் தேர்வை எழுத இயலாமல் போயிற்று. அடுத்த ஆண்டு எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். குளிர்பதனத் துறையின் முன்னோடியான கார்ல் வான் லிண்டே அவருடைய ஆசிரியர். அந்த ஆசிரியரின் பனிக்கட்டி ஆலைப் பணிக்காகவே 1880-இல் பாரிஸ் திரும்பினார். வெப்பத்தைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்க எண்ணிய மனிதர், பனிக்கட்டி செய்து பிழைப்பு நடத்திய ஆண்டுகள் அவை. 1883-இல் மார்த்தா ஃபிளாஷேயை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர்.

அக்கால நீராவி எந்திரங்கள், நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே உழைப்பாக மாற்றின. எஞ்சியது வீணாயிற்று. அத்தகைய எந்திரத்தை நிறுவப் பெருமுதலாளிகளால் மட்டுமே முடிந்தது. தறிக்காரரும் தச்சரும் தத்தம் பட்டறையில் அதை வைத்துக்கொள்ள இயலவில்லை. சிறு கைவினைஞர்களுக்கும் கட்டுப்படியாகும் ஓர் எந்திரம் வேண்டும் என்ற எண்ணம், ஒரு கைவினைஞரின் மகனான டீசலிடம் வேரூன்றியிருந்தது.

அவர் கண்ட வழி எளிய உண்மை ஒன்றின் மேல் எழுந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை அறியாதவர் இலர். காற்றை மிக வன்மையாக அழுத்தினால், அதில் தெளிக்கப்படும் எரிபொருள் தீப்பொறியின்றித் தானே பற்றிக்கொள்ளும். இதற்கு 1892 பிப்ரவரியில் காப்புரிமை கோரினார். மறு ஆண்டு கிடைத்தது. எந்த எரிபொருளானாலும் இம்முறையில் எரிக்கலாம் என்று கருதிய அவர், நிலக்கரித் தூளையும் பயன்படுத்தலாம் என நம்பியிருந்தார். தாவர எண்ணெய் அப்போது அவரது திட்டத்தின் மையத்தில் இல்லை.

ஆக்ஸ்பர்க் எந்திர ஆலையும் க்ரூப் நிறுவனமும் சோதனைகளுக்குத் துணை நின்றன. 1893 ஆகஸ்ட் 10 அன்று, ஆலையின் சுழல்தண்டோடு பட்டை கட்டிச் சுழற்றப்பட்ட எந்திரத்தில் பெட்ரோலியத்திலிருந்து பெறப்பட்ட எரிபொருள் செலுத்தப்பட்டது. தீ பற்றிய வேகத்தில், அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. எந்திரம் தன் ஆற்றலால் ஓடவில்லை. எனினும் கோட்பாடு பிழையன்று என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. தன்னாற்றலில் அது ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடியது 1894 பிப்ரவரி 17-இல்தான். சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய அதிகாரபூர்வச் சோதனையில், எந்திரத்தின் வெப்பத்திறன் 26.2 விழுக்காடு எனப் பதிவாயிற்று. நீராவியின் திறனைப் போல அது இரு மடங்குக்கும் மேல்.

உரிமம் கேட்டு நிறுவனங்கள் வரிசையில் நின்றன. அமெரிக்க உரிமையை மட்டும் மதுபானத் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க்குக்கு வாங்கினார். மியூனிக்கில் டீசலுக்கு மாளிகை எழுந்தது. ஆனால் காப்புரிமை வழக்குகளும் ஓயாத உழைப்பும் உடலையும் மனத்தையும் முறித்தன. நில வணிகத்தில் இட்ட பணம் கரைந்தது.

கடலை எண்ணெய் அரங்கேறியது 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில். தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்ததால், அங்கேயே கிடைக்கும் எண்ணெயில் எந்திரங்களை ஓட்ட முடியுமா என்று பிரெஞ்சு அரசு அறிய விரும்பியது. அதன் வேண்டுகோளின்படி, ஓட்டோ நிறுவனம் காட்சிக்கு வைத்திருந்த ஒரு சிறு டீசல் எந்திரம் கடலை எண்ணெயில் ஓடியது. கனிம எண்ணெய்க்கென அமைக்கப்பட்ட அதில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. எந்திரம் சீராக ஓடியதால், பார்த்தவர்களில் வெகுசிலரே எரிபொருளின் வேறுபாட்டை உணர்ந்தனர். பின்னாளில் டீசலும் இத்தகைய சோதனைகளில் ஈடுபட்டார். 1912-இல் லண்டன் எந்திரப் பொறியாளர் கழகத்தில் வாசித்த கட்டுரையில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆமணக்கு எண்ணெயில் நடந்த சோதனையையும் அவர் குறிப்பிட்டார். இன்று அற்பமாகத் தோன்றும் தாவர எண்ணெய்கள் காலப்போக்கில் பெட்ரோலியத்துக்கு நிகரான மதிப்பைப் பெறக்கூடும் என்பதே அதில் அவர் தெரிவித்த கருத்து.

அடுத்த ஆண்டே அவர் வாழ்வு முடிந்தது. 1913 செப்டம்பர் 29 மாலை, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். நண்பர்களுடன் உணவருந்திவிட்டு இரவு 10 மணியளவில் அறைக்குச் சென்றார், காலை 6.15-க்கு எழுப்பும்படி சொல்லியிருந்தார். காலையில் படுக்கை கலையாமல் கிடந்தது. தொப்பியும் மேலங்கியும் மேல்தளக் கம்பியருகே கண்டெடுக்கப்பட்டன. பத்து நாள்களுக்குப் பின் டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. உடையிலிருந்த பொருள்கள் மட்டும் எடுக்கப்பட்டு உடல் கடலிலேயே விடப்பட்டது. அவை தந்தையுடையவை என மகன் ஆய்கன் உறுதிசெய்தார். மனைவியிடம் அவர் விட்டுச்சென்ற பையில் 20,000 மார்க் இருந்தது. வங்கிக் கணக்குகளோ ஏறத்தாழ வறண்டிருந்தன. தற்கொலை என்பதே பலரது முடிவு. கொலை எனக் கருதுவோரும் உளர்.

அதன்பின் பெட்ரோலியம் மலிந்தது. எந்திரங்கள் அதற்கேற்பச் செதுக்கப்பட்டன. எந்த எண்ணெய்க்கும் இடம் தந்த எந்திரத்தின் தந்தையுடைய பெயர், இறுதியில் ஒரே ஒரு பெட்ரோலியப் பொருளுக்குச் சூட்டப்பட்டது விந்தையே. தாவர எண்ணெயின் குறை அதன் பிசுபிசுப்பு: நுண்துளைகளை அடைக்கும், கரி படியும், குளிரில் உறையும். இதற்கு விடையாக, பெல்ஜிய அறிவியலாளர் ஷவான் 1937-இல் ஒரு காப்புரிமை பெற்றார். எண்ணெயை ஆல்கஹாலுடன் வினைபுரியச் செய்து கிளிசரினைப் பிரித்தால், டீசலைப் போல் ஓடும் மெல்லிய திரவம் கிடைக்கும். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ், லூவன் நகரங்களுக்கிடையே அவ்வெரிபொருளில் பேருந்து ஓடியது.

இன்று குளிர்நாடுகளில் சிலர் தம் வீட்டைச் சூடாக்க வீட்டிலேயே கையாள்வதும் இதே வேதியியல்தான். அங்கே பல வீடுகளின் நிலவறையில் எண்ணெயால் எரியும் கொதிகலன் உண்டு. அதற்கான எண்ணெய் டீசலின் நெருங்கிய உறவு. உணவகங்கள் கழிக்கும் பொரித்த எண்ணெயை வாங்கி வடிகட்டி, நீரைப் போக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலப்பார்கள். கிளிசரின் அடியில் தங்க, மேலே உயிரி டீசல் தெளியும். சமையல் போலத் தோன்றினும் இது விளையாட்டன்று. மெத்தனால் ஆவி நஞ்சு, எளிதில் தீப்பற்றும். காஸ்டிக் சோடா தோலைப் பொசுக்கும். கடுங்குளிரில் இவ்வெரிபொருள் கூழாகிவிடும் என்பதால், வழக்கமான எண்ணெயுடன் கலந்தே பெரும்பாலும் எரிக்கின்றனர். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற நேரும்.

இந்தியாவில் கவலை குளிரன்று. திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெய் மீண்டும் தட்டுக்கு வருவதே. பயன்படுத்திய எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வரம்பைக் கடந்த எண்ணெயைக் கடைகளிலிருந்து திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டத்தை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. 2030-க்குள் டீசலில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலப்பதை, 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இலக்காகக் கொண்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.