மதகைச் சோதித்த மாமனிதர்

காவிரியில் மணல் மேடிட்டது. வெள்ளம் கொள்ளிடத்தில் பாய, தஞ்சை வயல்கள் தண்ணீருக்குத் தவித்தன. 1829-ல் காவிரிப் பாசனப் பொறுப்பை ஏற்றார் ஆர்தர் காட்டன். 1803-ல் பிறந்த அந்த என்ஜினீயருக்கு அப்போது இருபத்தாறு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ!

பழுது பார்க்குமுன், பழுது எங்கே என்று பார்த்தார். கல்லணையில் மணல் வெளியேற வழியில்லை. அணையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அடியில் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். அப்போது அஸ்திவார ரகசியம் வெளிப்பட்டது: ஆற்று மணல்மீதே களிமண்ணும் கல்லுமாய் அணை நிற்கிறது! முன்னோரிடம் கற்ற அந்தப் பாடத்தால் முக்கொம்பில் மேலணையை 1836-ல் தொடங்கினார். கோதாவரியில் தவளேசுவரம் அணை 1852-ல் முடிந்தது.

காட்டன் 1899-ல் மறைந்தார். 2018 ஆகஸ்டில் அதே முக்கொம்பில் 9 மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. மதகை மனிதன் சோதிக்க மறந்தாலும், ஆறு மறப்பதில்லை!