கல்தச்சர் மகன் டாப்ளர்

இருண்ட வானில் இரண்டு விமானங்கள் ஒரே தொலைவில் வருகின்றன. இரண்டிலும் பட்ட ராடார் அலைகள் ஒரே நேரத்தில் திரும்புகின்றன. அப்படியிருக்க, வருவது ஒன்றன்று, இரண்டு என்பதை ராடார் எவ்வாறு அறிகிறது? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற அறிஞரின் வாழ்க்கையை நான் அறிந்தேன்.

இன்றைய ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கல்தச்சர். குலத்தொழிலுக்கு ஏற்ற உடல்வலிமை மகனுக்கு இல்லாததால் படிக்க வைத்தனர். வியன்னாவில் பயின்றும் நிலையான வேலை கிட்டவில்லை. பஞ்சாலையில் கணக்கெழுதினார். மனம் வெறுத்து அமெரிக்காவில் குடியேற முனைந்த வேளையில், 1835இல் பிராக் நகரில் ஆசிரியர் பணி கிடைத்தது.

அந்நகரில் 1842 மே 25 அன்று தம் புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும் என்பதே அவர் கண்ட விதி. இரட்டை விண்மீன்களின் நிறங்களுக்கும் இதுவே காரணம் என்று கருதினார். அது பிழை, விண்மீனின் நிறத்துக்கு அதன் வெப்பநிலையே முதற்காரணம். ஆயினும் விதி பிழையன்று. 1845இல் ஹாலந்து அறிஞர் பைஸ் பாலட், ஓடும் ரயிலில் இசைக்கலைஞர்களை ஊதச் செய்து, ஒலியில் அதனை மெய்ப்பித்தார்.

1850இல் வியன்னாப் பல்கலைக்கழக இயற்பியல் கழகத்தின் முதல் இயக்குநரானார் டாப்ளர். நுரையீரல் நோயால் நலிந்து, 1853 மார்ச் 17 அன்று வெனிஸ் நகரில் மறைந்தார். வயது 49தான். ராடார் அப்போது கனவிலும் இல்லை.

இன்று 3 செ.மீ. அலைநீளமுள்ள ராடாரை நோக்கி வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் விமானம் வந்தால், திரும்பும் அலையின் அதிர்வெண் 10,000 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். 300 மீட்டர் வேகமானால் 20,000 ஹெர்ட்ஸ். இவ்வேறுபாட்டால் இரு விமானங்களும் தனித்தனியே தெரிகின்றன. மேலும், விமானம் திரும்பும்போது அதன் இரு இறக்கைகளிலிருந்து வரும் அலைகளும் வேறுபடுவதால், அதன் உருவத்தையே படமாக்க முடிகிறது.

என் தந்தையார் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதலாண்டில் கணிதத் தாள் ஒன்றில் தவறியபோது, படிப்பு நமக்கு ஆகாது, கரண்டியைப் பிடிக்கலாம் என்றே எண்ணினேன். டாப்ளர் ஓரிடத்தில் பிழை செய்தார் என்பதற்காக அவருடைய விதியை உலகம் தள்ளிவிடவில்லை. அத்தாளை மீண்டும் எழுதப் பணம் கட்டிவிட்டேன்.