பொறுப்பு இருக்கு... அதிகாரம் இருக்கா? பனாமா கால்வாயை முடித்துக் காட்டிய கோதல்ஸ் கதை!

ஒரு வேலையை முடிக்கிற பொறுப்பை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு, கையெழுத்துப் போடும் அதிகாரத்தை வேறு யாரோ வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இன்றைக்கு ஐடி கம்பெனியில் தொடங்கி கட்டுமானத் தளம் வரை ப்ராஜெக்ட் மேனேஜர்கள் பலரும் புலம்புற விஷயம்தான் இது. 120 வருஷத்துக்கு முன்னாடி பனாமா கால்வாயும் இதே சிக்கலில்தான் மாட்டித் தவித்தது. அந்தச் சிக்கலை உடைத்து, சொன்ன தேதிக்கு முன்பே கால்வாயைத் திறந்து காட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கோதல்ஸ்.

யார் இவர்?

1858 ஜூன் 29-ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் கோதல்ஸ். பெற்றோர் பெல்ஜியத்தில் இருந்து குடியேறியவர்கள். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் 1880-ல் படிப்பை முடித்து, ராணுவப் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார். போர்க்களத்தை விட ஆற்றங்கரையில்தான் அவருக்கு அதிக வேலை. டென்னசி ஆற்றில் கப்பல்களை ஏற்றி இறக்கும் 'லாக்' தொட்டிகளைக் கட்டிய அனுபவம், பின்னாளில் பனாமாவில் அப்படியே கைகொடுத்தது.

ஓடிப்போன இரண்டு பேர்

அட்லாண்டிக், பசிபிக் ஆகிய இரண்டு கடல்களையும் இணைக்க முதலில் முயன்றது பிரான்ஸ். 1881-ல் தொடங்கி 1889-ல் பணமும் உயிர்களும் போய் அந்த முயற்சி சரிந்தது. 1904-ல் அமெரிக்கா கையில் எடுத்தது. வேலை நடப்பது பனாமாவில், முடிவெடுப்பதோ வாஷிங்டனில் இருக்கும் 7 பேர் கொண்ட ஆணையம். ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுக்கக்கூட கட்டுக்கட்டாக படிவம் நிரப்ப வேண்டிய நிலை!

முதல் தலைமைப் பொறியாளர் ஜான் வாலஸ், ஒரே வருஷத்தில் 1905-ல் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த ஜான் ஸ்டீவன்ஸ் திறமைசாலி. தோண்டிய மண்ணை அள்ளிச் செல்ல ரயில் பாதையைச் சீரமைத்தார். தொழிலாளர்களுக்கு வீடு கட்டினார். மஞ்சள் காய்ச்சலை ஒழிக்கப் போராடிய டாக்டர் வில்லியம் கோர்காஸுக்கு முழு ஆதரவு கொடுத்தார். ஆனா, 1907-ல் அவரும் விலகினார்.

அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இது பெரிய தலைவலி. நினைத்த நேரத்தில் வேலையை விட்டுப் போக முடியாத ஓர் ஆள் வேண்டும் என்று யோசித்தவர், ராணுவத்தில் இருந்த கோதல்ஸைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரே உத்தரவு... ஒரே தலைமை!

ஆணையத்தின் தலைவர், தலைமைப் பொறியாளர் என இரண்டு நாற்காலியும் கோதல்ஸுக்குக் கிடைத்தன. ஆனாலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் ஆணையம் அப்படியே இருந்தது. 1908 ஜனவரியில் ரூஸ்வெல்ட் ஒரு நிர்வாக உத்தரவு போட்டார். அதன்படி, பனாமாவில் கோதல்ஸ் சொல்வதே இறுதி முடிவு. ஆணையத்தின் மற்ற உறுப்பினர்களும் அவருக்குக் கீழேதான். அவர் பதில் சொல்ல வேண்டியது போர்த்துறை அமைச்சருக்கும் அதிபருக்கும் மட்டும்.

இவ்வளவு அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் முதலில் செய்தது, அதைப் பிரித்துக் கொடுத்ததுதான். அட்லாண்டிக், நடுப்பகுதி, பசிபிக் என மொத்த வேலையையும் மூன்று பகுதிகளாக்கினார். அட்லாண்டிக் பக்கம் வில்லியம் சைபர்ட், நடுவில் மலையைப் பிளக்கும் வேலைக்கு டேவிட் கெயிலார்ட், இருவரும் ராணுவத்தினர். பசிபிக் பக்கம் சிட்னி வில்லியம்சன், சிவில் பொறியாளர். அந்தந்தப் பகுதிக்கு அவரவரே பொறுப்பு. ராணுவமா, சிவிலா என்ற போட்டியும் வேலைக்கு வேகம் கொடுத்தது.

1907 முதல் வெளியான 'கெனால் ரெக்கார்ட்' என்ற வாரப் பத்திரிகையில், எந்த மண்வாரி இயந்திரம் எவ்வளவு தோண்டியது என்ற கணக்கு அச்சாகும். அதைப் பார்த்து, அடுத்த வாரம் நாமதான் முதலிடம் என்று குழுக்கள் மல்லுக்கட்டின.

ஞாயிற்றுக்கிழமை தர்பார்

ராணுவ ஆள் வருகிறார் என்றதும் தொழிலாளர்கள் சல்யூட் அடிக்க வைப்பாரோ என்று பயந்தார்கள். கோதல்ஸ் பனாமாவில் சீருடையே போடவில்லை. வெள்ளை உடையில், மஞ்சள் பெயின்ட் அடித்த மோட்டார் ரயில் காரில் ஏறித் தினமும் தளத்தைச் சுற்றுவார்.

ஞாயிறு காலை அவர் ஆபீஸ் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். சம்பளப் பிரச்சினை, மேஸ்திரி திட்டியது, சாப்பாடு சரியில்லை, வீட்டுச் சண்டை என எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பொறியாளரும் வரலாம், மண் சுமப்பவரும் வரலாம். பெரும்பாலான புகார்களுக்கு அங்கேயே தீர்ப்பு. நியாயம் கிடைக்கும் இடம் ஒன்று இருக்கு என்ற நம்பிக்கைதான் அவரது உத்தரவுகளுக்கு மதிப்பைக் கூட்டியது.

அதே சமயம், அவர் கறாரான ஆளும்கூட. 1907-ல் சம்பள உயர்வு கேட்டு மண்வாரி இயந்திர ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மசியவே இல்லை. புது ஆட்களை எடுத்து வேலையை ஓட்டினார். டாக்டர் கோர்காஸுடனும் செலவு, அதிகாரம் தொடர்பாக அவருக்கு உரசல் இருந்தது.

எட்டாத நீதி

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கால்வாயின் கடும் உழைப்பு பார்படோஸ் உள்ளிட்ட கரீபியன் தீவுகளில் இருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களுடையது. வெள்ளை அமெரிக்கர்களுக்கு 'தங்கப் பட்டியல்', இவர்களுக்கு 'வெள்ளிப் பட்டியல்'. சம்பளம், வீடு, உணவகம், போஸ்ட் ஆபீஸ் ஜன்னல்கூட தனித்தனி. கோதல்ஸ் வருவதற்கு முன்பே இருந்த முறைதான். ஆனா, அங்கே எதையும் மாற்றும் அதிகாரம் இருந்த அவர் இதை மாற்றவில்லை. அமெரிக்கர்கள் வேலை செய்த காலத்தில் நோயாலும் விபத்தாலும் இறந்ததாகப் பதிவானவர்கள் 5,609 பேர். அதில் சுமார் 4,500 பேர் இந்தத் தொழிலாளர்கள்.

1914 ஆகஸ்ட் 15

மலை வெட்டும் இடத்தில் மண்சரிவு திரும்பத் திரும்ப வந்தது. மாதக்கணக்கான உழைப்பு ஒரே இரவில் மண்மூடிப் போகும். ஒவ்வொரு முறையும் கோதல்ஸின் பதில் ஒன்றுதான், திரும்பவும் தோண்டுங்கள். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்ட கெயிலார்ட், திறப்பு விழாவைப் பார்க்காமலேயே 1913 டிசம்பரில் மூளைக் கட்டியால் இறந்துபோனார்.

இலக்கு 1915 ஜனவரி 1. ஆனா, 1914 ஆகஸ்ட் 15-ம் தேதியே 'ஆன்கான்' கப்பல் கால்வாயைக் கடந்தது. நியூயார்க்கில் இருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தென் அமெரிக்காவைச் சுற்றிப் போக வேண்டிய சுமார் 13 ஆயிரம் கி.மீ. மிச்சமானது. அன்று கோதல்ஸ் கப்பலில் ஏறவில்லை. கரையோரம் ரயில் காரில் கூடவே போய், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஆள்... வேறு முடிவு!

கால்வாய் மண்டலத்தின் முதல் ஆளுநராக இருந்தபின், 1917-ல் முதல் உலகப்போருக்காகக் கப்பல் கட்டும் பொறுப்பு கோதல்ஸுக்கு வந்தது. எஃகுக் கப்பல்தான் வேண்டும் என்றார் அவர். கப்பல் வாரியத் தலைவர் வில்லியம் டென்மேனோ மரக்கப்பல் பக்கம் நின்றார். யார் சொல்வது கடைசி வார்த்தை என்பது தெளிவாக இல்லை. சில மாதங்களிலேயே, ஜூலையில் இருவருமே விலக வேண்டியதாயிற்று. மலையைப் பிளந்த அதே திறமை, அதே அனுபவம். பனாமாவில் இருந்த அந்த ஒரு உத்தரவு மட்டும் இங்கே இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ராணுவத் தளவாட விநியோகத் துறை அவரிடம் வந்தது. அதிகாரங்கள் அவர் கையில் குவிய, குழம்பிக் கிடந்த கொள்முதலையும் போக்குவரத்தையும் ஒழுங்குக்குக் கொண்டு வந்தார்.

1928 ஜனவரி 21-ல் நியூயார்க்கில் கோதல்ஸ் காலமானார். அதே ஆண்டு ஜூன் 29-ம் தேதி, அவரது பிறந்தநாளில், நியூயார்க்கையும் நியூஜெர்சியையும் இணைக்கும் பாலம் ஒன்று அவர் பெயரில் திறக்கப்பட்டது.