எரிந்த வீடும் எழுந்த வீடும்: நிலஅளவையாளர் டேவிட் கிப்சன்

ரொறன்ரோவின் யங் வீதியில் நோர்த் யோர்க் சென்ரர் சுரங்கரயில் நிலையத்துக்கு அண்மையில், வானளாவும் மாடிக் கட்டிடங்களுக்குப் பின்னே ஒதுங்கியபடி, செங்கல்லாலான இரண்டு மாடி வீடொன்று நிற்கின்றது. அவ்வழியாக நாளாந்தம் வேலைக்குச் செல்லும் நம்மவர் பலர் அதனைக் கவனித்திருக்க மாட்டார்கள். 1851ஆம் ஆண்டில் அதனைக் கட்டியவர் ஒருகாலத்தில் தலைக்கு விலை வைக்கப்பட்டு, வீடு எரியூட்டப்பட்டு, நாட்டை விட்டுத் தப்பியோடிய ஓர் அகதி. அவர் பெயர் டேவிட் கிப்சன்.

1804இல் ஸ்கொட்லாந்தின் போபர்சயர் மாவட்டத்தில் பிறந்த கிப்சன், நிலஅளவைத் தொழிலைப் பயின்று, 1825இல் கடல்கடந்து மேல் கனடாவுக்கு வந்தார். இன்றைய ஒன்ராறியோவின் தென்பகுதி அக்காலத்தில் அப்பெயராலேயே வழங்கிற்று. வந்த ஆண்டிலேயே அளவையாளராகத் தகுதி பெற்றார். 1828இல் எலைசா மில்ன் என்பாரை மணந்தார். அடுத்த ஆண்டு வில்லோடேல் பகுதியில் யங் வீதியோரமாக நூறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட காணியொன்றை வாங்கிக் கமக்காரராகவும் ஆனார்.

அளவையாளரின் முதன்மைக் கருவி சங்கிலி. நூறு கண்ணிகள் கொண்ட அதன் நீளம் 66 அடி. குடியேற்ற நிலங்களுக்கு இடையே வீதிக்கென ஒதுக்கப்பட்ட அகலமும் அதே ஒரு சங்கிலிதான். யங் வீதிக்குக் கிழக்கே பேவியூ, அதற்கப்பால் லெஸ்லி என ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாகப் பெருவீதிகள் வருவது தற்செயலன்று. நூறு சங்கிலிக்கு ஒரு வீதி என்று அன்று வகுத்த கணக்கே அது. இன்று நாம் பேருந்தில் கடக்கும் தெருக்கள் பலவும் பழைய கமநிலங்களின் எல்லைக் கோடுகளாகும்.

ஆயினும் அச்சங்கிலி வெற்று நிலத்தின் மீது விரிக்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. 1787இலும் மீண்டும் 1805இலும் மிசிசாகா மக்களிடமிருந்து பிரித்தானியர் பெற்ற நிலம் அது. 1805இன் உடன்படிக்கைக்குக் கொடுக்கப்பட்ட தொகை பத்துச் சிலிங். இதனால் விளைந்த வழக்கு 2010இலேதான், கனடிய அரசு 14 கோடியே 50 லட்சம் டொலர் வழங்கியதோடு தீர்ந்தது. கிப்சனின் தலைமுறை தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை உணர்ந்த அளவுக்கு இந்த அநீதியை உணர்ந்ததில்லை.

குடியேறிகளின் குறைகளும் உண்மையானவையே. அளந்த நிலத்தில் ஏழிலொரு பங்கு திருச்சபைக் குருமாருக்கும் இன்னொரு பங்கு முடிக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. அவ்வொதுக்கங்கள் பல காடாகவே கிடந்தமையால் அயற் காணிகளை இணைக்கும் வீதிகள் தடைப்பட்டன. ஆட்சியோ ஒருசில குடும்பங்களின் கைப்பிடிக்குள் இருந்தது. மக்கள் தெரிந்தெடுத்த சட்டசபை நிறைவேற்றியதை அவர்களால் நியமிக்கப்படாத சபை தள்ளுபடி செய்தது. காடு மேடெல்லாம் நடந்து அளந்த கிப்சனுக்கு இந்த நிலை ஏட்டறிவாகத் தெரிந்ததன்று. சீர்திருத்தவாதியும் பத்திரிகையாளருமான வில்லியம் லயன் மக்கென்சியின் அணியில் சேர்ந்து, 1834இல் சட்டசபை உறுப்பினரானார். 1836 தேர்தலில் மக்கென்சியே தோற்றபோதும் கிப்சன் தமது ஆசனத்தைக் காத்துக்கொண்டார்.

1837 டிசம்பரில் மக்கென்சி ஆயுத எழுச்சியைத் தொடங்கினார். கிப்சன் அத்திட்டத்தை வகுப்பதில் முன்னின்றவர் அல்லர். எனினும் தொடங்கிய பின் தோழர்களைக் கைவிடவும் இல்லை. மொன்ற்கொமரி விடுதியில் அடைக்கப்பட்டிருந்த அரச ஆதரவாளர்களைக் காக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. டிசம்பர் 7ஆம் நாள் அரச படை வந்து எழுச்சியாளர் சிதறியபோது, கைதிகளின் உயிருக்கு ஊறு நேராதபடி அவர்களை விடுவித்தார்.

அந்த நற்செயலுக்குக் கைம்மாறு கிடைக்கவில்லை. துணை ஆளுநர் பிரான்சிஸ் பொண்ட் ஹெட்டின் கட்டளைப்படி விடுதி கொளுத்தப்பட்டது. தொடர்ந்து கிப்சனின் வீடும் எரிக்கப்பட்டது. எலைசா சிறு பிள்ளைகளோடு மார்கழிப் பனியில் வெளியேறி அயலவரிடம் தஞ்சம் புகுந்தார். உயரமான மணிக்கூட்டின் முகத்தையும் இயந்திரத்தையும் அவர் காப்பாற்றினார் என்று சொல்லப்படுகின்றது. வீடிழந்தோர் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாது நிற்கும் அந்தக் கணத்தை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

மக்கென்சியின் தலைக்கு ஆயிரம் பவுணும், கிப்சன் உள்ளிட்ட நால்வர் தலைக்குத் தலா ஐந்நூறு பவுணும் விலை வைக்கப்பட்டன. அந்நால்வரில் ஒருவரான சாமுவேல் லவுண்ட் பிடிபட்டு, பீற்றர் மத்தியூஸ் என்பவருடன் 1838 ஏப்ரல் 12ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். கிப்சனோ ஒஷாவாப் பகுதியில் ஒளிந்திருந்து, பின்னர் ஒன்ராறியோ ஏரியைப் படகில் கடந்து ஐக்கிய அமெரிக்காவை அடைந்தார். நியூயோர்க் மாநிலத்து லொக்போர்ட் நகரில் குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்ந்தது. அவருடைய கல்வியே அங்கு கைகொடுத்தது. ஈரி கால்வாய் வேலைகளில் பொறியியலாளராகப் பணிபுரிந்து பிழைத்தார்.

1843இல் மன்னிப்புக் கிடைத்தது. ஆயினும் உடனே அவர் புறப்படவில்லை. மன்னிப்புப் பத்திரம் ஒன்று வந்த மாத்திரத்தில் அகதி வாழ்வு முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகள் வேறொரு மண்ணில் வளர்கின்றார்கள். ஊதியம் தரும் தொழில் ஒன்றும் இருக்கின்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து 1848இலேயே, கால்வாய்த் தொழில் கைவிட்டுப் போன பின்னர், அவர் வில்லோடேலுக்குத் திரும்பினார். அதற்குள் நாடும் மாறியிருந்தது. மக்கள் சபைக்குப் பொறுப்புக் கூறும் அமைச்சரவை முறை அக்காலத்திலேயே நடைமுறைக்கு வந்தது. எழுச்சி கேட்டதில் ஒரு பகுதியைத் தோல்வியின் பின்னான அரசியல் தந்தது.

மீண்டவர் தமது பழைய காணியிலேயே செங்கல் வீட்டைக் கட்டினார். வீட்டை எரித்த அதே அரசின் வாரிசு 1853இல் அவரைப் பதவிக்கு அழைத்தது. முடிக்குரிய காணி முகவரகங்களின் பரிசோதகராகவும், குடியேற்ற வீதிகளின் மேற்பார்வையாளராகவும் அவர் கடமையாற்றினார். 1864 ஜனவரியில் கியூபெக் நகரில் காலமானார்.

கிப்சனின் வீடு இன்று ரொறன்ரோ மாநகரின் அருங்காட்சியகங்களுள் ஒன்று. எக்ளின்ரனுக்குச் சற்று வடக்கே மொன்ற்கொமரி விடுதி நின்ற இடத்தில் 1936இல் தபால் நிலையக் கட்டிடம் எழுந்தது. லவுண்டும் மத்தியூசும் நெக்ரோபோலிஸ் இடுகாட்டில் துயில்கின்றனர். இம்மூன்று இடங்களையும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் பார்த்து வரலாம். தாங்கள் பிறந்த இந்த அமைதியான நகரமும் ஒருகாலத்தில் வீடுகளை எரித்தது, அகதிகளை ஏரி கடந்து ஓடச் செய்தது, பின் அவர்களில் சிலரைத் திரும்ப வரவேற்றது என்பதை அவர்கள் அறியட்டும்.