கர்ப்பிணிகளின் சோகைக்கு மருந்து தேடிய லூசி வில்ஸ்

அச்சுவேலியில் கிளினிக்குக்குப் போய்வரும் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து, போலிக் அமில வில்லைகள் கொடுக்கப்படுகின்றன. அந்தப் போலிக் அமிலத்துக்கு வழிகாட்டியவர் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர்.

1888 இல் இங்கிலாந்தில் பிறந்த வில்ஸ், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்றார். 1913 இல் சகோதரியைப் பறிகொடுத்த துயருடன் தாயாரோடு இலங்கைக்கு வந்து போனார். பின்னர் லண்டனில் மருத்துவம் படித்து 1920 இல் மருத்துவரானார்.

1928 இல் பம்பாய் சென்றார். அங்கு துணி ஆலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்பகாலத்தில் கடும் இரத்தச்சோகைக்கு ஆளாகினர். இரும்புச்சத்தால் மட்டும் அது மாறவில்லை. கிருமிகளைத் தேடியும் விடை கிடைக்காததால், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை வில்ஸ் ஆராய்ந்தார். காய்கறியும் பழமும் போதாத உணவே அவர்களுடையது.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னை கோஷா வைத்தியசாலையிலும் அவரது ஆய்வு தொடர்ந்தது. ஈரல் சாறு பலன் தந்தாலும் அதன் விலை அதிகம். மலிவான மார்மைட்டும் நோயைக் குணமாக்குவதைக் கண்டு 1931 இல் அறிவித்தார். பத்தாண்டுகளுக்குப் பின் அந்தச் சத்து கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. 1944 இல் அவர் பணியாற்றிய றோயல் பிறீ வைத்தியசாலையும் தாக்கப்பட்டது. அந்த நாட்களிலும், பங்கீட்டு உணவில் வாழ்ந்த கர்ப்பிணிகளின் குருதியைச் சோதித்து, இரும்புச்சத்து வில்லையின் பயனை ஆராய்ந்தார். முடிவுகள் 1947 இல் வெளியாகின.

பதுங்குகுழியிலும் முகாமிலும் வயிற்றில் பிள்ளையோடு பசி கிடந்த எங்கள் தாய்மாருக்கு அந்தச் சூழல் புதிதல்ல. களைப்பும் மூச்சு வாங்குவதும் பிள்ளைத்தாய்ச்சிக்கு வழமைதானே என்று விட்டுவிடக்கூடாது. குருதியைச் சோதித்தால்தான் சோகை இருப்பதும் அதன் வகையும் தெரியவரும். இரும்புச்சத்து வில்லையைத் தேநீருடன் எடுத்தால் சத்து உடம்பில் சேர்வது குறையும். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நன்றாகச் சேரும். வயிற்றைப் புரட்டினால் வில்லையை நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

கடைசிக் காலத்தில் லண்டன் செல்சியில் தொழிற்கட்சி உறுப்பினராக மக்கள் பணி செய்த வில்ஸ், 1964 இல் காலமானார். ஏழைத் தாயின் சோகையை அவளது விதியென்று விடாமல், அவளது சாப்பாட்டுத் தட்டில் காரணம் தேடியவர் அவர்.