மலைமகளிரின் ஆசான் சரளா பென்

நுழையும்முன்

கோடை விடுமுறையில் மலைக்குச் செல்வோர் பனிச்சிகரங்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அம்மலையிலேயே வாழும் மக்களோ விறகுக்கும் புல்லுக்கும் குடிநீருக்கும் நாள்தோறும் காட்டையே நம்பியிருக்கின்றனர். கடல் கடந்து வந்து, அம்மக்களுள் ஒருவராக வாழ்ந்து, அவர்கள் தம் காட்டைக் காக்க வழிகாட்டிய ஓர் ஆசிரியரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமைக்காலம்

சரளா பென் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் காதரின் மேரி ஹைல்மன். அவருடைய தந்தையார் ஜெர்மானிய-சுவிட்சர்லாந்து மரபைச் சேர்ந்தவர். 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் எதிரெதிரே நின்று போரிட்டன. எந்தக் குற்றமும் செய்யாத அத்தந்தை, பிறந்த மரபின் காரணமாகவே காவலில் வைக்கப்பட்டார். காதரின் பள்ளியில் ஒதுக்கப்பட்டார். அவருக்குக் கல்வி உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. படிப்பை இடையில் நிறுத்திய அவர், எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். மனிதரைப் பிறப்பால் பிரித்துப் பார்ப்பது எத்துணைக் கொடியது என்பதை இளமையிலேயே அவர் பட்டறிந்தார்.

இந்நிலையில் இலண்டனில் தங்கிப் படித்த இந்திய மாணவர் சிலருடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர்கள் வாயிலாகக் காந்தியடிகளைப் பற்றியும் இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றியும் அறிந்தார். இந்தியாவுக்குச் சென்று தொண்டாற்றுவது என உறுதி பூண்டார். 1932ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் அவர் தாம் பிறந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை.

காந்தியடிகளின் வழியில்

முதலில் இராஜஸ்தானிலுள்ள உதய்பூரில் வித்யா பவன் என்னும் பள்ளியில் அவர் பணியாற்றினார். பின்னர் வார்தாவுக்கு அருகிலுள்ள சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆசிரமத்தில் வாழ்ந்தார். உழவு, நூற்பு, நெசவு போன்ற கைத்தொழில்களின் வழியாகவே மொழியையும் கணக்கையும் அறிவியலையும் கற்பிக்கும் ஆதாரக் கல்வி முறையில் அங்கு ஈடுபட்டார். காந்தியடிகள் அவருக்குச் சரளா என்று பெயரிட்டார். வடமொழியில் சரளம் என்பது எளிமை, நேர்மை ஆகிய பொருள்களைத் தரும். பென் என்பது குஜராத்தி மொழியில் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல்.

சேவாகிராமத்தின் கடும் வெயிலும் மலேரியாக் காய்ச்சலும் அவர் உடலை வருத்தின. எனவே இமயமலையின் குமாவுன் பகுதியிலுள்ள கௌசானி என்னும் சிற்றூருக்குச் சென்றார். காந்தியடிகள் 1929ஆம் ஆண்டில் சில நாள்கள் தங்கியிருந்த ஊர் அது. அங்கிருந்து நோக்கினால் நந்தாதேவி, திரிசூலம் முதலிய சிகரங்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதைக் காணலாம். நலம் தேடிச் சென்ற சரளா பென்னுக்கு அம்மலையே இல்லமாயிற்று.

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியது. மலையூர்களில் பலர் சிறைப்பட்டனர். அவர்களுடைய குடும்பங்கள் ஆதரவின்றித் தவித்தன. சரளா பென் ஊர்தோறும் நடந்து சென்று அக்குடும்பங்களுக்கு உதவினார். ஆங்கில அரசு அவரையும் விட்டுவைக்கவில்லை. அல்மோராவிலும் இலக்னோவிலும் அவர் சிறைவாசம் அனுபவித்தார்.

இலட்சுமி ஆசிரமம்

மலைப்பாதைகளில் நடந்தபோது, மலைப்பெண்களின் உழைப்பை அவர் கண்ணாரக் கண்டார். ஆண்களுள் பலர் வேலை தேடிச் சமவெளிக்குச் சென்றுவிட, வயலும் மாடும் வீடும் பெண்களின் தோள்களிலேயே இருந்தன. விறகும் புல்லும் நீரும் சுமந்து அவர்கள் செங்குத்தான பாதைகளில் ஏறி இறங்கினர். இத்தனை உழைத்தும் அவர்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பில்லை. பெண்கள் கற்றால்தான் மலை தழைக்கும் என்று அவர் தெளிந்தார்.

1946ஆம் ஆண்டு கௌசானியில் பெண்களுக்கான பள்ளியொன்றை நிறுவினார். கஸ்தூரிபா பெயரால் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் இலட்சுமி ஆசிரமம் என்றே மக்களால் அழைக்கப்படுகிறது. தொடக்கத்தில் மூன்று மாணவியரே சேர்ந்தனர். வேலைக்குத் துணையாக இருக்கும் மகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவரும் உண்டு. சரளா பென் வாதிட்டுக் கொண்டிருக்கவில்லை. மலைமக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு பழகினார். ஏட்டுக்கல்வியோடு உழவும் மாடு வளர்ப்பும் கற்று வீடு திரும்பிய பெண்ணைக் கண்டபோது, பெற்றோரின் தயக்கம் சிறிது சிறிதாகக் குறைந்தது.

பருவங்களே பாடங்கள்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். குமாவுன் மலையிலும் பருவத்துக்குப் பருவம் காடும் தொழிலும் மாறும். அம்மாற்றத்தையே ஆசிரமம் பாடமாக்கிக்கொண்டது.

இளவேனிலில் காடெங்கும் புராஞ்ச் மரங்கள் செந்நிறப் பூக்களைச் சுமந்து நிற்கும். முதுவேனிலில் காஃபல் என்னும் சிறுகனிகள் பழுக்கும். சுனைகள் மெலியும், பைன் மரங்களின் காய்ந்த ஊசியிலைகளில் காட்டுத்தீ எளிதாகப் பற்றும். நீரின் அருமையையும் காவலின் தேவையையும் அப்பருவம் கற்பித்தது. கார்காலத்தில் ஹரேலா என்னும் பசுமைத் திருவிழா வரும். அந்நாளில் மலைமக்கள் மரக்கன்றுகளை நடுவர். படிவயல்களில் கேழ்வரகும் குதிரைவாலியும் வளரும். மரங்கள் வெட்டப்பட்ட சரிவுகளில் மண் சரிந்து பாதைகளை மூடுவதும் அப்பருவத்திலேதான். மழை ஓய்ந்தபின் பெண்கள் புல்லை அறுத்து உலர்த்திப் பனிக்காலத்துக்கெனச் சேமிப்பர். கடுங்குளிரில் கம்பளி நூற்கும் வேலை நடைபெறும். மாட்டுத்தொழுவத்தில் பரப்பிய காய்ந்த இலைகள் சாணத்தோடு கலந்து எருவாகும். அவ்வெரு மீண்டும் வயலுக்கே செல்லும்.

எதையும் வீணாக்காமல், எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரும் இவ்வாழ்க்கையைச் சரளா பென் தாமும் வாழ்ந்து காட்டினார். மலைமக்களிடமிருந்து கற்றதையே அவர் தம் மாணவியர்க்குக் கல்வியாக்கினார்.

காடு காத்த கைகள்

மலையில் பாஞ்ச் எனப்படும் ஓக் மரங்கள் முன்பு பெருகியிருந்தன. அவற்றின் உதிர்ந்த இலைகள் மண்ணில் மெத்தைபோல் படிந்து மழைநீரைப் பிடித்து வைக்கும். அந்நீர் மெல்லக் கசிந்து சுனைகளை அடையும். ஓக் இலை கால்நடைக்குத் தீவனமும் ஆகும். ஆனால் ஆங்கிலேயர் காலத்து வனத்துறை, வணிகப் பயன் கருதிப் பைன் மரங்களையே பெரிதும் போற்றியது. பைன் மரம் பிசினும் பலகையும் தரும். அதன் இலையை மாடு தின்னாது. விடுதலைக்குப் பின்னரும் இந்நிலை பெரிதாக மாறவில்லை. காட்டை வெட்டிய வருவாய் வெளியூர்க்குச் சென்றது. வற்றிய சுனையும் நீண்ட நடையும் மலைப்பெண்களுக்கு எஞ்சின.

இத்துயரைத் தீர்க்கச் சரளா பென்னின் வழிகாட்டுதலில் 1961ஆம் ஆண்டு உத்தராகண்ட் சர்வோதய மண்டலம் அமைந்தது. பெண்களை ஒன்றுதிரட்டுதல், மதுவை ஒழித்தல், காடு சார்ந்த சிறுதொழில்களை வளர்த்தல், காட்டின்மீது மக்களுக்குள்ள உரிமையை மீட்டல் ஆகியன அதன் நோக்கங்கள். அவரிடம் பயின்ற விமலா, தம்மை மணக்க விரும்பிய சுந்தர்லால் பகுகுணா கட்சி அரசியலைத் துறந்து சிற்றூரில் தொண்டாற்ற வேண்டும் என்று கேட்டார். அவரும் இசைந்தார். 1956ஆம் ஆண்டு அவர்கள் திருமணம் நடைபெற்றது. மற்றொரு மாணவியான ராதா பட், பிற்காலத்தில் ஆசிரமப் பொறுப்பை ஏற்றார்.

1973ஆம் ஆண்டு சிப்கோ இயக்கம் எழுந்தது. சிப்கோ என்னும் இந்திச் சொல்லுக்குத் தழுவிக்கொள் என்பது பொருள். 1974ஆம் ஆண்டு ரேணி என்னும் ஊரில் கௌராதேவி தலைமையில் பெண்கள் திரண்டு, மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினர். மலைப்பெண்களின் சொல்லை நாடு முழுவதும் செவிமடுத்தது. பல்லாண்டுகளாகச் சரளா பென்னும் அவருடைய மாணவியரும் ஊரூராக நடந்து ஆற்றிய பணி, அவ்வெழுச்சிக்கு நிலத்தைப் பண்படுத்தியிருந்தது.

இறுதிக்காலம்

1975ஆம் ஆண்டு சரளா பென் தரம்கர் என்னும் ஊரில் ஒரு சிறுகுடிலுக்குக் குடிபெயர்ந்தார். எழுத்துப் பணியையும் அவர் கைவிடவில்லை. இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருபதுக்கு மேற்பட்ட நூல்களை அவர் எழுதியுள்ளார். மனிதனின் அளவிறந்த நுகர்வே இயற்கையின் அழிவுக்குக் காரணம் என்பதை அவற்றில் எடுத்துரைத்தார். 1979ஆம் ஆண்டு அவருக்கு ஜம்னாலால் பஜாஜ் விருது வழங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு சூலையில் அவர் இயற்கை எய்தினார். அவருடைய விருப்பத்துக்குரிய இலட்சுமி ஆசிரமத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.

பிறந்த நாட்டில் அயலாராக ஒதுக்கப்பட்ட சிறுமி, அயல்நாட்டு மலையூரில் மக்களின் உடன்பிறந்தாள் ஆனார். வாழும் ஊரின் மொழியைக் கற்று, அதன் மண்ணையும் நீரையும் தம்முடையதாக எண்ணிக் காத்ததால் அவருக்கு அவ்வுறவு வாய்த்தது. கௌசானியில் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் மலைப்பெண்களுக்குக் கல்வி தந்து வருகிறது.

சொல்லும் பொருளும்

பட்டறிந்தார் – அனுபவத்தால் உணர்ந்தார்
சமவெளி – மேடுபள்ளம் இல்லாத நிலப்பரப்பு
சுனை – மலையில் நீர் ஊறும் இடம்
செவிமடுத்தது – கேட்டது

பயிற்சி

1. காதரின் என்னும் பெயர் சரளா பென் என மாறியது எவ்வாறு?
2. ஓக் மரக்காடு சுனைகளைக் காப்பது எங்ஙனம்?
3. மலைப்பெண்களின் உழைப்பைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.
4. பிரித்து எழுதுக: அவ்வெழுச்சி, ஊசியிலை, பெரும்பொழுது.
5. நீங்கள் வாழும் ஊரில் பருவந்தோறும் காணும் மாற்றங்களைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, அவர்களுடைய சொந்த ஊரின் பருவங்களோடு ஒப்பிட்டு எழுதுக.