மரணங்களை எண்ணிய மருத்துவர்

இறப்புப் பதிவு என்றால் வாரிசுரிமையும் காப்பீடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அது உயிர் காக்கும் ஆவணம் என்று நிறுவியவராக வில்லியம் ஃபாரை நான் கருதுகிறேன்.

1807-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், மருத்துவம் பயின்றார். 1837-இல் அந்நாட்டில் குடிமைப் பதிவு தொடங்கியது. 1839-இல் தலைமைப் பதிவு அலுவலகத்தில் சேர்ந்து, ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றினார். ஒரே நோயைப் பல பெயர்களில் மருத்துவர்கள் எழுதிவந்த குழப்பத்தைக் களைய, இறப்புக்கான காரணங்களை வகைப்படுத்தினார். இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் வேர்களுள் அதுவும் ஒன்று.

காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்றே முதலில் அவர் நம்பினார். ஆயினும், குடிநீரைச் சந்தேகித்த ஜான் ஸ்நோவுக்கு இறப்பு விவரங்களைத் தந்து உதவினார். 1866-இல் கிழக்கு லண்டனில் காலரா பரவியபோது, இறப்புகளைக் குடிநீர் நிறுவனங்கள் வாரியாகப் பிரித்து, ஒரே நிறுவனத்தின் விநியோகப் பகுதியை அவரே சுட்டிக்காட்டினார். பதிவேட்டின் முன் தம் கருத்தைத் திருத்திக்கொண்டதே அவரது பெருமை.

தலைமைப் பதிவாளர் பதவி கிட்டாத நிலையில் 1880-இல் விலகி, 1883-இல் மறைந்தார்.

இந்தியாவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கியது. எனினும், பெரும்பாலான இறப்புகளுக்கு மருத்துவர் சான்றளித்த காரணம் இன்றும் இல்லை. காரணம் எழுதப்படாத மரணம், அடுத்த மரணத்தைத் தடுக்க உதவாது.